பதினாலு வருஷத்து வெங்காயம்

என் புருஷன் யோகராசாவைப் பிரான்ஸில் செஃப் ஆக்கியது பிரான்ஸ்காரன் இல்லை, நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் அந்த மனுசன் பொய் சொன்னார் என்று கதைக்கக்கூடாது. அவர் போனில் சொன்னதெல்லாம் "குசினிக்குள்ள நிக்கிறன்" என்ற ஒரே வசனம்தான். ஒருமுறை ஒரு படம் அனுப்பினார். வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறார். பின்னால் பெரிய அடுப்பு. முன்னால் மேசையில் வட்டமாக, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மஞ்சளும் மண்ணிறமுமாக ஏதோ ஒரு பண்டம். வெங்காயத்தில் செய்வது, தார்த் என்று பெயர் என்றார். போதாதா எனக்கு? அந்தப் படத்தை ஆரையம்பதியில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் காட்டினேன். கோயிலில் காட்டினேன், சங்கக் கடையில் காட்டினேன், என்னிடம் பிட்டு வாங்க வந்தவர்களுக்குப் பார்சலோடு சேர்த்துக் காட்டினேன். "எங்கட இவர் அங்க பெரிய செஃப்" என்று நான் சொல்ல, ஊரும் நம்பிவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் தங்கச்சி யசோதினி அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

அவர் போனது இரண்டாயிரத்து ஒன்பதில். அதற்கு முன் மேசன்மாருக்குச் சீமெந்து குழைத்துக் கொடுக்கிற வேலை. மகள் விதுர்ஷாவுக்கு அப்போது நாலு வயது. போனவருக்கு அங்கே விசா கடைசிவரை சரிவரவில்லை. ஊருக்கு வந்தால் மறுபடி போக முடியாது. ஆகவே வரவில்லை. பதினாலு வருஷம் அப்படியே ஓடியது. நான் விடிய எழும்பிப் பிட்டு அவித்து இரண்டு கடைக்குக் கொடுத்து, அவர் அனுப்பியதையும் சேர்த்துப் பிள்ளையைப் படிப்பித்தேன். அழுதுகொண்டு இருக்கவில்லை. அழ நேரமும் இருக்கவில்லை.

ஒரேயொரு ஆறுதல் இருந்தது. இரண்டாயிரத்துப் பதினாறில் விதுர்ஷாவின் படிப்புக்கென்று ஒரு நல்ல போன் வாங்கினோம். அதுவரை குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த மனுசனின் முகத்தை அதற்குப் பிறகுதான் கண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்கு நடுவில் எடுப்பார். ஒவ்வொரு முறையும் கண் இரண்டும் சிவந்திருக்கும், இமை தடித்திருக்கும். "என்ன கண் இப்பிடிச் சிவந்திருக்கு?" என்று கேட்டால், "வெங்காயம் வெட்டினது" என்பார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். பெரிய செஃப் ஏன் வெங்காயம் வெட்டுகிறார்? அவருக்குக் கீழே ஆட்கள் இல்லையா? என்னை நினைத்துத்தான் அழுகிறார், ஆம்பிளை என்றபடியால் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "எங்கட ஆள் இன்னும் என்னை நினைச்சு அழுறார் தங்கச்சி" என்று யசோதினியிடம் சொல்லியும் விட்டேன். அவளுடைய புருஷன் பக்கத்திலேயே இருக்கிறவன். அவளுக்காக ஒரு நாளும் அழுதவன் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் அவளை வென்றிருந்தேன்.

போன வருஷம் அந்தச் சாப்பாட்டுக் கடையின் முதலாளி வயதுபோய்க் கடையை விற்றார். வாங்கியவன் விசா கேட்டான். இவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஐம்பத்தொரு வயது. ஒரு முழங்கால் சரியில்லை.

உள்ளதைச் சொன்னால், வந்த முதல் மாதம் மனுசன் வீட்டில் நிற்பதே எனக்கு இடைஞ்சலாக இருந்தது. எங்கே திரும்பினாலும் ஆள். அவருடைய இருமல், அவருடைய செருப்பு, கதிரையில் அவருடைய துவாய். பிறகு மெல்லப் பழகியது. வேலியைத் திருத்தினார், கிணற்றுக்குப் புதுக் கப்பி போட்டார். காலையில் நான் அவித்த பிட்டை இறக்கும்போது பக்கத்தில் வந்து குந்தி, சூட்டோடு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு "உப்புக் கொஞ்சம் குறைவு" என்பார். பதினாலு வருஷமாக ஒருவரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்துப்போனது. இனி இல்லாமல் இருக்க ஏலாது என்ற அளவுக்குப் பிடித்துப்போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொல்கிறார்:

"றுமேனியாவுக்கு ஆள் எடுக்கிறாங்களாம். ஏஜென்சியில பாஸ்போட்டக் குடுத்திட்டன். மாச முடிவில கூப்பிடுவாங்க."

"உங்களுக்கென்ன விசரா?" என்றேன்.

"சும்மா குந்திக்கொண்டு உன்ர பிட்டுக் காசில திங்கச் சொல்றியா? இஞ்ச எனக்கு ஆர் வேல தருவாங்க? இன்னும் அஞ்சு வருசம் புள்ள. விதுர்ஷாட விஷயமும் இருக்கெல்லோ."

"அஞ்சு வருசமா! நான் கழுத்த நீட்டினது உங்களுக்கா, போனுக்கா?"

அவர் துவாயை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏசுகிறவளிடம் பேசாமல் இருந்தால் அவளுக்கு இன்னும் பத்துமடங்கு ஏறும் என்பது அந்த மனுசனுக்குப் பிரான்ஸ் போயும் விளங்கவில்லை.

அடுத்த நாளே நான் நிதுர்ஷனைப் பிடித்தேன். எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறவன், வான் ஓடுகிறவன். கல்குடாப் பக்கம் ஹோட்டல்களுக்கு வெள்ளைக்காரரை ஏற்றி இறக்குவது அவன் வேலை. "தம்பி, அண்ணன் பிரான்ஸில பதினாலு வருசம் செஃப். அங்க ஏதும் ஹோட்டல்ல சொல்லிப் பாரன்" என்றேன். ஒரு கிழமைக்குள் பதில் வந்தது. ஒரு ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர், நீர்கொழும்பு ஆள், அன்ரன் என்று பெயர். அடுத்த மாதத்திலிருந்து அவருக்குப் பிரெஞ்சுக்காரர் கூட்டம் கூட்டமாக வரப்போகிறார்களாம். ஆள் தேவைதானாம். இருபத்துநாலாம் திகதி வெங்காயத் தார்த் ஒன்று வீட்டில் செய்து கொண்டு வரட்டும், சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சரிவந்தால் அங்கேயே வேலை, கிழமைக்கு ஒரு நாள் லீவு, பஸ் ஏறினால் வீடு.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஓடிவந்து சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கிணற்றுக்கட்டில் இருந்தார்.

"கண்ணகை, நான் ஒரு நாளும் தார்த் செய்யல்ல."

"என்ன கதைக்கிறீங்க? அந்தப் படம்?"

"அது மமது செய்தது. மாலி நாட்டுக்காரன், நல்ல மனுசன். மா குழைக்கிறது, தட்டுல விரிக்கிறது எல்லாம் அவன்ட வேல. முட்டையும் கிறீமும் அடிச்சு ஊத்துறது முதலாளி. நான் கீழ, நிலத்துக்குக் கீழ ஒரு அறை, அதுக்குள்ள வெங்காயம். உரிக்கிறது, வெட்டுறது, வதக்குறது. அவ்வளவுதான். அண்டைக்கு முதலாளிட பெண்சாதி, யோகாவையும் ஒரு படம் எடுப்பம் எண்டு கூப்பிட்டு மேல நிப்பாட்டினா."

"பதினாலு வருசமும்?"

"பதினாலு வருசமும் வெங்காயந்தான்."

நான் அவரைச் செஃப் என்று சொல்லித் திரிந்தது அவருக்குத் தெரியும். திருத்தவில்லை. திருத்தினால் எனக்கு ஊரில் தலைகுனிவு என்று நினைத்தாராம். அதைக்கூட விட்டுவிடலாம். எனக்குச் சுள்ளென்று ஏறியது வேறு விஷயத்துக்கு.

"அப்ப அந்தக் கண் சிவந்தது? ஞாயிற்றுக்கிழமையில?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "சொன்னன்தானே. வெங்காயம்."

ஐயோ கடவுளே! ஏழெட்டு வருஷம் ஒரு மூட்டை வெங்காயத்தை நம்பி நான் மனசைத் தேற்றியிருக்கிறேன். தங்கச்சியிடம் பெருமை வேறு அடித்திருக்கிறேன். அன்று முழுவதும் சட்டி பானைகளை நான் வைத்த வைப்பில் விதுர்ஷா காதைப் பொத்திக்கொண்டு படித்தாள்.

ஆனால் கோபம் வேறு, றுமேனியா வேறு. நாள் ஒன்பது இருந்தது. அடுத்த நாள் காலை பிட்டு வேலை முடிந்ததும், "வாங்க, அந்தத் தார்த்தைச் செய்வம்" என்றேன். "வெங்காயம் உங்கட. மா என்ர. முட்டையையும் கிறீமையும் புள்ள போனப் பார்த்து அளந்து தரும்."

தார்த்தை வேகவைக்கப் போறணை தேடிக் காத்தான்குடிக்குப் போனோம். அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடுகிற மர்சூக்கின் பேக்கரிக்கு என் பிட்டுப் பார்சல் போவது பத்து வருஷப் பழக்கம். மத்தியானப் பாண் இறக்கிய பிறகு போறணை சும்மாதான் சூட்டோடு கிடக்கும், வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வட்டமான கேக் தட்டும் தந்தார்.

முதல் முறை நான் செய்த வேலையைக் கேளுங்கள். எனக்கு மா என்றால் கொதிதண்ணீர். இடியப்பத்துக்குக் கொதிதண்ணீர், ரொட்டிக்கும் கொதிதண்ணீர், கை சும்மா போய்க் கேத்திலைத் தூக்கும். கோதுமை மாவில் பட்டரைப் போட்டுக் கொதிதண்ணீரை ஊற்றி அடித்துக் குழைத்துத் தட்டில் விரித்தேன். போறணையிலிருந்து வந்ததை மர்சூக் காக்கா கையில் எடுத்து மேசையில் தட்டினார். டக் டக் என்றது.

"தங்கச்சி, இதத் திங்கவா, செருப்புக்கு அடிக்கவா?"

"செருப்புக்குத்தான் காக்கா. ஒங்கட அளவச் சொல்லுங்க" என்றேன். இவர் சிரிக்கவில்லை. வெங்காயத்தை மட்டும் கரண்டியால் வழித்து ஒரு கோப்பையில் எடுத்துவைத்தார்.

இரண்டாம் முறை விதுர்ஷா போனில் வீடியோ பார்த்தாள். பட்டர் கல்லுப்போல் குளிராக இருக்கவேண்டுமாம். வீடியோவில் ஒரு பெண் எல்லாவற்றையும் ஒரு மெசினில் போட்டாள், ஒரு நிமிஷத்தில் முடிந்தது. எங்களிடம் மெசின் இல்லை. எங்கள் வீட்டில் வெளியே எடுத்துவைத்த பட்டர், மாவுக்குப் போகுமுன் எண்ணெயாகிவிடும். அப்போதுதான் மீன்காரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். எனக்கு ஒரு புத்தி வந்தது. அவனுடைய பெட்டியிலிருந்து ஐஸ் வாங்கி, அதன் மேல் பட்டர்க் கிண்ணத்தை வைத்து, அந்த ஐஸ் உருகின குளிர்த் தண்ணீரையே மாவுக்கும் தெளித்தேன். நல்ல புத்தி! மர்சூக் காக்கா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"யோகண்ணன், பிரான்ஸில வெங்காயத்துக்கு இறாலும் போடுறவனுகளா?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் விரலை மடித்து நாளை எண்ணினேன். நாள் ஐந்துதான் மிச்சம். இவரோ, பாஸ்போட் விஷயமாக ஏஜென்சிக்காரன் எடுத்தபோது "ஓம் தம்பி, ஆயத்தம்தான்" என்று என் முன்னாலேயே சொன்னார்.

இதற்குள் ஒன்றை மட்டும் நான் கண்டுகொண்டேன். அவருடைய வெங்காயம் இரண்டு முறையும் பிழைபோகவில்லை. வெட்டுவதை நான் பார்க்கவில்லை, நான் பிட்டு அவிக்கிற நேரம் அவர் கிணற்றடியில் வைத்து வெட்டிவிடுவார். வதக்குவதைப் பார்த்தேன். பம்பாய் வெங்காயம் இரண்டு கிலோ, பெரிய தாச்சி, பட்டர், உப்பு, அடுப்பில் நெருப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தணல். எனக்குப் பொறுக்காது. நெருப்பு மூளட்டும் என்று ஒரு தென்னந்தும்பை எடுத்து அடுப்பில் செருகப் போனால் அகப்பைக் காம்பால் என் கையில் தட்டுவார்.

"வெங்காயம் பொரியக் கூடாது, இளகணும். அவசரப்பட்டா கசக்கும்."

ஒன்றரை மணித்தியாலம் அந்த முழங்காலோடு நிற்பார். வெள்ளை போய்க் கண்ணாடியாகி, பிறகு தேன் நிறமாகி, ஒரு தாச்சி வெங்காயம் ஒரு கோப்பையாகச் சுருங்கும்வரை அசையமாட்டார். வீட்டில் வேலிக்கதியாலை அவசர அவசரமாக நட்ட அதே மனுசன்தானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் முறைக்கு முதல் நான் கேட்டேன்: "அந்த மமது கையால என்னதான் செய்வான்? கண்ண மூடிக்கொண்டு யோசிச்சுச் சொல்லுங்க. வீடியோ வேணாம்."

அவர் யோசித்தார். "வெறும் மாவுக்குள்ள குளிர்ப் பட்டரச் சின்னச் சின்னதா வெட்டிப் போடுவான். மறுகா விரல் நுனியால... அமத்த மாட்டான். தூக்கித் தூக்கி விடுவான். மா உதிரி உதிரியா, மணல் மாதிரி வரும். கடைசியிலதான் ரெண்டு கை தண்ணி தெளிப்பான். குழைக்கவே மாட்டான், சும்மா சேர்த்துப் பிடிப்பான்."

நான் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தேன். "அட மனுசா, அது பிட்டு!"

"என்ன?"

"பிட்டு! பிட்டுக்கு மா பிசறுறது அப்பிடித்தான். இத முதலே சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?"

ஒன்பது வயதிலிருந்து பிட்டு பிசறுகிற கை இது. அமத்தினால் கட்டிபடும், தண்ணீர் கூடினால் களியாகும், விரல் நுனிக்குத் தெரியும் எப்போது நிறுத்துவதென்று. விடிய, வெயில் ஏறுமுன், நிலம் குளிர்ந்திருக்கிற நேரத்தில் செய்தேன். பட்டரை யசோதினி வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தோம், மீன்காரனுக்குக் கும்பிடு. மா உதிரியாக வந்தது. பிடித்தேன், பிடிபட்டது. தட்டில் விரித்ததும் இவருக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. நடுப்பகுதி பொம்மாமல் இருக்க மமது அதன் மேல் கடதாசி போட்டு அவரைக்கொட்டை பரப்பி முதலில் வெறுமாவாக வேகவிடுவானாம். நாங்கள் கௌபிப் பயறு பரப்பினோம். வெந்ததும் அதை எடுத்துவிட்டு வெங்காயம், அதன் மேல் முட்டையும் கிறீமும், சாதிக்காய் கொஞ்சம் சுரண்டி.

மர்சூக் காக்கா ஒரு துண்டு சாப்பிட்டார். இரண்டாவது துண்டை எடுத்தார். "இது வீட்ட ஸாதியாவுக்கு" என்று பெண்சாதிக்கு மூன்றாவதைக் கடதாசியில் சுற்றினார். அதற்கு மேல் எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இருபத்துநாலாம் திகதி நிதுர்ஷனின் வானில் போனோம். தார்த் என் மடியில். புறப்படுமுன் ஒரு முறை, மட்டக்களப்புப் பாலத்தில் ஒரு முறை, ஏறாவூரில் ஒரு முறை, வாழைச்சேனையில் ஒரு முறை சொன்னேன்: "ஆர் செய்தது எண்டு கேட்டா, நான்தான் எண்டு சொல்லுங்க. முழுக்க நான்தான் எண்டு. விளங்குதா?" அவர் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினார்.

ஹோட்டல் குசினி எங்கள் வீட்டைவிடப் பெரியது. அன்ரன் செஃப் உயரமான ஆள், நல்ல தமிழ். தார்த்தின் அடியில் கத்தியால் தட்டிச் சத்தத்தைக் கேட்டார். வெட்டினார். ஒரு வாய், இன்னொரு வாய்.

"வெங்காயம் அருமையா வந்திருக்கு. அடிமாவும் சோக்கா உதிருது. இந்த மா யார் போட்டது?"

நான் பின்னால் நின்று இவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்ர பெண்சாதி சேர்" என்றார் என் புருஷன். "எனக்கு மா போடத் தெரியா. பிரான்ஸில நான் செஃப் இல்ல. பதினாலு வருசமும் வெங்காயம் மட்டுந்தான் செய்தன். சனம் செஃப் எண்டு சொல்லுது, அது பிழை. உங்கள ஏமாத்தி வேல எடுத்தா நாளைக்கு உங்களுக்குத்தான் கரைச்சல்."

அவ்வளவுதான். முடிந்தது. றுமேனியா என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த இடத்திலேயே ஒரு அறை விடலாமா என்று எனக்குக் கை துருதுருத்தது. ஐந்து வருஷம், திரும்பவும் போன், திரும்பவும் ஞாயிற்றுக்கிழமை.

அன்ரன் செஃப் கையிலிருந்த கத்தியைத் துடைத்து வைத்தார். பிறகு ஒரு பெரிய பேசின் நிறைய வெங்காயத்தைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்.

"வெட்டுங்க பாப்பம்."

இவர் கத்தியை வாங்கினார், விரலால் தடவிப் பார்த்தார், பிடிக்கவில்லை. கல் கேட்டு வாங்கி நாலு இழுப்பு இழுத்தார். பிறகு தொடங்கினார். அன்றுதான் நான் முதல் தரம் பார்க்கிறேன். கை ஓடுவது தெரியவில்லை, வெங்காயம் தானாக இதழ் இதழாகச் சாய்ந்து விழுவதுதான் தெரிந்தது. எல்லாம் ஒரே தடிப்பு. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் வேறு கத்தியோடு அதே பேசினில் வெட்டிக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் தோளில் கண்ணைத் துடைத்தார்கள். நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன். அன்ரன் செஃப்கூட மூக்கை உறிஞ்சினார். இவர் மட்டும் கோயிலில் நிற்கிறவர்போல் நின்று வெட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கண் எரியல்லையா?"

"முதல் வருசம் எரிஞ்சது சேர், சும்மா சொல்லக்கூடாது. மறுகா கத்தி தீட்டப் பழகிட்டன். கத்தி கூரா இருந்தா வெங்காயம் நசுங்காது, சாறு தெறிக்காது. அந்த முதல் வருசத்தோட சரி. அதுக்குப் பிறகு வெங்காயத்துக்கு எனக்கு ஒரு நாளும் கண் கலங்கினதில்ல."

தொழிலைப் பற்றிக் கேட்டதால் வந்த சந்தோஷத்தில் சொல்லிவிட்டார். பின்னால் நான் நிற்பதை அந்த நேரம் மறந்துபோனார்.

செஃப் தலையை ஆட்டினார். "ஐயா, மா போட எனக்கு ஆள் எடுக்கலாம், பழக்கலாம். ஒரு மணித்தியாலம் அடுப்புக்கு முன்னால பொறுமையா நிக்கிற ஆள இந்தக் காலத்தில எங்க பிடிக்கிறது? முதலாம் திகதி வாங்க. வெங்காயத்தில தொடங்குவம்." பிறகு என்னிடம், "அக்கா, நீங்களும் கிழமைக்கு ரெண்டு நாள் வந்தா என்ன?" என்றார்.

"எனக்குப் பிட்டு வேல இருக்கு. யோசிச்சுச் சொல்றன்" என்றேன். எனக்கு அப்போது அவர் சொன்னது பாதிதான் காதில் ஏறியது. நான் வேறு கணக்கில் நின்றேன்.

திரும்பி வரும்போது வெறும் தட்டு என் காலடியில் கிடந்தது. நிதுர்ஷன் பாட்டுப் போட்டான், நிறுத்து என்றேன். இவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். வாழைச்சேனை தாண்டியும் நான் வாய் திறக்காதது அவருக்குப் பயமாகிவிட்டது.

"நான் உண்மையச் சொன்னது உனக்குக் கோவமா? வேல கிடைச்சுதுதானே புள்ள. ஏஜென்சிக்காரனுக்கு இண்டைக்கே சொல்லிப் பாஸ்போட்ட வாங்கிர்றன்."

"கோவம் இல்ல. ஒண்டு கேக்கணும். நீங்க பிரான்ஸுக்குப் போனது எந்த வருசம்?"

"ரெண்டாயிரத்து ஒன்பது. உனக்குத் தெரியாதா?"

"நாம வீடியோவில கதைக்கத் தொடங்கினது?"

"புள்ளைக்குப் போன் வாங்கின வருசம். பதினாறு."

"கத்தி தீட்டப் பழகினது?"

என் கணக்கு அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை. ஏழெட்டு வருஷம் நான் நம்பியதைக் கிணற்றடியில் வைத்து ஒரு சொல்லில் பிடுங்கிப்போட்ட மனுசன் அவர்.

"அப்ப அந்த ஞாயிற்றுக்கிழமையெல்லாம் என்ன?"

"வெங்காயந்தான்" என்றார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். கண் இரண்டும் போனில் பார்த்த அதே சிவப்பு, இமை அதே தடிப்பு.

வானுக்குள் ஒரு வெங்காயமும் இருக்கவில்லை.